பிராங்க்ளினின் பதின்மூன்று குணங்களும் ஒரு கோடாரியும்

தன்முன்னேற்றப் புத்தகங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு அட்டவணை உண்டு. மேலே வாரத்தின் ஏழு நாட்கள், பக்கவாட்டில் பதின்மூன்று நற்குணங்கள். எதில் தவறினோமோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் தனக்காகப் போட்ட திட்டம் இது. 1980களில் அமெரிக்காவில் அவர் பெயரிலேயே திட்டமிடும் டைரி ஒன்று விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு மொபைலில் பழக்கங்களைப் பதிவு செய்யும் செயலிகள் காட்டுவதும் கிட்டத்தட்ட இதே கட்டத்தைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அட்டவணையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, அது இருக்கிற புத்தகத்தை விட்டுவிடுகிறோம். பிராங்க்ளினின் சுயசரிதையில் இந்தப் பகுதி 1784இல், பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸி என்ற ஊரில் எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது 78. இளைஞன் போட்ட திட்டத்தை ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து, பாதி பெருமையும் பாதி சிரிப்புமாகச் சொல்கிறார். அந்தச் சிரிப்பைத் தவறவிட்டால் புத்தகத்தையே தவறவிட்ட மாதிரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். திட்டம் கெட்டிக்காரத்தனமானது. 'நல்லவனாக வேண்டும்' என்று பொத்தாம் பொதுவாக நிற்காமல், ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு சின்ன விதியை எழுதிக்கொள்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போகாமல் ஒவ்வொன்றாக எடுக்கிறார். வரிசைக்கும் காரணம் வைத்திருக்கிறார்: உணவிலும் குடியிலும் அளவு முதலில் வருகிறது, ஏனென்றால் தலை தெளிவாக இருந்தால்தான் மற்றதோடு மல்லுக்கட்ட முடியும். நோட்டில் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட, யானைத் தந்தத் தகடுகளுக்கு மாறுகிறார். அதில் பென்சில் புள்ளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். தன் தவறுகளின் எண்ணிக்கை அவரையே திகைக்க வைத்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

அடுத்து வருவது தோல்வி. 'ஒழுங்கு' என்ற குணம் அவருக்குக் கடைசிவரை கைகூடவே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுப்பது வரை மணிக்கணக்கு போட்டு வைத்திருந்தார். கூலிக்கு அச்சுக் கோர்ப்பவனுக்கு அந்த அட்டவணை ஒத்துவரலாம், கடை முதலாளிக்கு ஆகாது என்று பிறகு கண்டுகொள்கிறார். வாடிக்கையாளர் அவரவர் வசதிப்பட்ட நேரத்தில்தானே வருவார்கள்? நேர மேலாண்மை பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தைச் சொல்வது அபூர்வம். நம் நேரம் முழுக்க நம் கையில் இல்லை. சமையலும் பிள்ளையும் வயசான பெற்றோரும் உள்ள வீட்டில், ஐந்து மணிக்கு எழாததை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

இங்கேதான் கோடாரிக் கதை வருகிறது. ஒருவன் கோடாரி வாங்குகிறான். முனை பளபளப்பதைப் போல முழுப் பரப்பும் பளபளக்க வேண்டும் என்கிறான். கொல்லரும் சரி என்கிறார். ஆனால் சாணைச் சக்கரத்தை நீதான் சுற்ற வேண்டும் என்று நிபந்தனை. கொல்லர் கோடாரியை அழுத்திப் பிடிக்க, இவன் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போகிறான். 'இன்னும் புள்ளிதான் இருக்கு, சுத்துப்பா' என்கிற மாதிரி கொல்லர் சொல்ல, புள்ளி விழுந்த கோடாரிதான் தனக்குப் பிடித்தமானது என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறான். பிராங்க்ளின் இதைத் தன்னைப் பற்றிய கேலியாகத்தான் சொல்கிறார். களைப்பு எப்படிக் கொள்கையாக வேஷம் போடும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வது கஷ்டம்.

1923இல் டி. எச். லாரன்ஸ் அமெரிக்க இலக்கியம் பற்றிய தன் நூலில் இந்தப் பட்டியலைப் பிய்த்து எறிந்து, பதிலுக்குத் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டார். மனித ஆன்மாவைக் கம்பி வேலிக்குள் அடைக்கிறார் என்பது அவர் கோபம். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் லாரன்ஸ் கோடாரிக் கதையின் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிராங்க்ளினை மாட்டவைக்கும் கேள்வி வேறு: கட்டத்துக்குள் வராத தவறை யார் எண்ணுவது?

பட்டியலில் எட்டாவது குணம் நீதி. அடுத்தவருக்குத் தீங்கு செய்யாதே என்பதுதான் அதன் சாரம். அதே பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரமும், தப்பி ஓடியவரைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரமும் வந்தன. அவரே 1723இல், அண்ணனிடம் ஒப்பந்தக் காலம் முடியுமுன் பாஸ்டனை விட்டு ஓடிவந்த பையன் என்பதை நினைத்துப் பாருங்கள். 1757இல் லண்டன் போனபோது அடிமைகள் இருவர் கூடப் போனார்கள். ஒருவர் அங்கே தப்பிவிட்டார்.

'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே' என்று சொல்லிவிட முடியாது. அவர் ஊரிலேயே குவேக்கர்கள் சிலர் அடிமை முறை பாவம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெஞ்சமின் லே எழுதிய நூலை 1730களில் அச்சிட்டது பிராங்க்ளினின் அச்சகமே. எழுத்து கையருகே இருந்தது, கட்டத்துக்குள் வரவில்லை. நாள் முழுக்க நடந்த சின்னச் சறுக்கல்களை எண்ணும் அட்டவணை, அந்த நாள் எதன்மேல் நிற்கிறது என்று கேட்பதில்லை.

அவர் மாறினார் என்பதும் உண்மை. 1763இல் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை நேரில் பார்த்துவிட்டு, அவர்கள் திறன் பற்றிய தன் எண்ணம் மாறியதைக் கடிதத்தில் எழுதினார். 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அந்தச் சங்கத்தின் மனு அவர் கையெழுத்தோடு அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போனது. ஏப்ரலில் இறந்துபோனார்.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? கரும்புள்ளியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து, மற்றவர்கள் சொன்னதிலும் நேரில் கண்டதிலும் இருந்து வந்தது. இதற்கான தடயம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. முதலில் அவர் போட்டது பன்னிரண்டு குணங்கள்தான். பதின்மூன்றாவதான 'பணிவு' சேர்ந்ததற்குக் காரணம் ஒரு குவேக்கர் நண்பர். 'உன்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரே நினைக்கிறது' என்று உதாரணத்தோடு எடுத்துச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டைத் தானே யோசித்துப் பிடித்த மனுஷனுக்கு, முகத்துக்கு நேரே இருந்த இது தெரியவில்லை.

அதில் முழு வெற்றி என்றும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பணிவின் தோற்றம் வந்தது, உள்ளே வந்ததா என்று சொல்ல முடியாது என்கிறார். 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லை' போன்ற சொற்களைப் பேச்சிலிருந்து நீக்கியதால், பொதுக் காரியங்களில் தன் பேச்சு எடுபட்டது என்று மட்டும் கணக்குச் சொல்கிறார்.

ஆகவே புத்தாண்டுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சுயசரிதையைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அட்டவணைக்காக மட்டும் அல்ல. பன்னிரண்டு வரியை நீங்களே எழுதுங்கள். பதின்மூன்றாவதை, உங்களோடு வேலை செய்கிறவரிடமோ, வீட்டில் உங்கள் துணியைத் துவைத்துப் போடுகிறவரிடமோ கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. பிராங்க்ளினுக்கும் பிடித்திருக்காது, ஆனாலும் எழுதிக்கொண்டார்.