'கஸபிளாங்கா': ஐரோப்பிய மணமும் அகதியரும்

1942 ஆம் ஆண்டு வெளிவந்த 'கஸபிளாங்கா' என்னும் காதற்படத்தின் கதை மொறொக்கோவில் நிகழ்கின்றது. படமோ பெரும்பாலும் கலிபோர்ணியாவிலுள்ள வோணர் சகோதரர் கலைக்கூடத்திலேயே எடுக்கப்பட்டது. அங்ஙனமாயின் அதன்கண் கமழும் ஐரோப்பிய மணம் யாண்டிருந்து வந்தது? அதனை ஆக்கியோரும் நடித்தோரும் கொணர்ந்ததே அஃது என்பது எமது துணிபு.

நெறியாளர் மைக்கேல் கேர்ட்டிஸ் ஹங்கேரியர். இசையமைத்த மக்ஸ் ஸ்ரைனர் வியன்னாவிற் பிறந்தவர். நாயகி இங்கிறிட் பேர்க்மன் சுவீடன் நாட்டினர். இவர்கள் தொழில் நாடி வந்தோர். புகலிடம் நாடி வந்தோர் வேறு சிலர். நாசிப் படையதிகாரியாகத் தோன்றும் கொன்றாட் வைட், யூத மனைவியுடன் 1933 இல் ஜேர்மனியை நீங்கியவர். தாம் வெறுத்த கொடுமைக்கே அவர் உருக்கொடுத்தார். இவோன் என்னும் சிறு பாத்திரமேற்ற மடலீன் லெபோ, 1940 இல் பிரான்சை விட்டுத் தப்பியவர். ஜேர்மன் வீரரின் பாடலை மேவிப் பிரெஞ்சு நாட்டுப்பண் எழுங்கால் அவர்தம் கண்களிற் பெருகும் நீரை வெறும் நடிப்பென்று கொள்ளல் அரிது.

கதையிற் குறைகள் இல்லாமலில்லை. எவரும் மறுக்கவியலாத பயணப் பத்திரங்கள் என்பது நம்பத்தக்கதன்று. இறுதியில், ஹம்பிறி போகாட் நடித்த றிக், தன் காதலியை அவள் கணவனுடன் விமானமேற்றி அனுப்புகின்றான். தனித்து நோக்கின் இது பழகிப்போன நாடகத் தியாகமே. ஆயினும், பயண அனுமதிக்காக ஏங்கி நிற்கும் அம்முகங்களைக் கண்டபின், அத்தியாகம் எதன்பொருட்டு என்று நாம் வினவுவதில்லை.