பேயைப் பெற்ற சட்டம்

பேய்க்கதையா? பகுத்தறிவாளன் கையில் அதற்கென்ன வேலை? என்று கேட்கும் தோழர்கள், டோனி மாரிசன் 1987-இல் தந்த ‘பிலவ்டு’ புதினத்தைப் படிக்கட்டும்!

1856 சனவரியில், கென்டக்கியிலிருந்து உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினாள் மார்கரெட் கார்னர் எனும் அடிமைத்தாய். துரத்தி வந்தோர் வீட்டை வளைத்தனர். மீண்டும் அடிமையாவதினும் மாள்வதே மேல் என்று, பெற்ற மகளைத் தன் கையாலேயே கொன்றாள். அவள் கொலைகாரியா, பிறர் உடைமையா? வழக்காடினர். உடைமையே என்றது 1850-ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டையிடம் திருப்பி அனுப்பப்பட்டாள்!

இவ்வுண்மையே புதினத்தின் வித்து. கதையில், மாண்ட மகள் ஆவியாய் மீண்டு வீட்டை ஆட்டி வைக்கிறாள். ஆனால், நம்மை நடுங்க வைப்பது ஆவியன்று; பால் டி என்பவன் தன் விலை 900 டாலர் என்று அறியும் இடம்! மனிதனுக்கு விலை குறித்த சட்டம் பெற்ற பிள்ளையே அந்தப் பேய்.

முடிவில் ஊர்ப் பெண்கள் வழிபாட்டோடு வந்து பேயைப் போக்குகின்றனர். அது கண்டு முகஞ்சுளிக்க வேண்டா. ஆண்டுக்கணக்கில் அவளை ஒதுக்கிய அண்டை வீட்டார் ஒன்றுகூடி வந்தனரே, அதுவன்றோ மருந்து!

பேய் இல்லை என்போம், உறுதியாக. அதை எழுப்பிய கொடுமையும் இல்லையென்று எவர் சொல்வார்?