டேனியல் ஸ்டென்பெர்க்கின் கர்ல்: ஒரு மதிப்பீடு

சுவீடனைச் சேர்ந்த நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க் 1990களின் பிற்பகுதியில் இணைய அரட்டை அறை ஒன்றுக்குத் தானியங்கி நிரல் எழுதினார். அதற்கு நாணய மாற்று விகிதங்களை வலைப்பக்கத்திலிருந்து எடுத்துத் தரும் கருவி ஒன்று தேவைப்பட்டது. பிரேசிலின் ரஃபேல் சகுலா எழுதிய எச்டிடிபிகெட் என்னும் சிறுநிரலை எடுத்து வளர்த்தார். 1998 மார்ச்சில் அது கர்ல் என்று பெயர் பெற்றது. முகவரியைக் கொடுத்தால் அங்குள்ள தரவைக் கொண்டுவருவதும், இங்குள்ளதை அங்கே அனுப்புவதும் இதன் வேலை. 2000-இல் இதன் உட்பகுதி லிப்கர்ல் என்னும் நிரல் நூலகமாகத் தனித்து வெளிவந்தது. இணையத்தோடு பேசும் கைப்பேசிகள், தொலைக்காட்சிகள், கார்கள் எனப் பலவற்றுள்ளும் அது இயங்குகிறது.

பழைய பயன்பாட்டை உடைக்காத பிடிவாதமே கர்லின் பெரும்பலம். லிப்கர்லின் இடைமுகம் பழைய நிரல்களோடு ஒத்துப்போகாதபடி கடைசியாக மாறியது 2006-இல். அதன்பின் அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் புதிய பதிப்பிலும் ஓடுகின்றன. உலாவிகளின் நிரலாளர் கருவிகளில் ஒரு கோரிக்கையைக் கர்ல் கட்டளையாக நகலெடுக்கும் வசதி இருப்பதும் இந்த நிலைத்தன்மையால்தான். பிழையைப் பிறருக்குக் காட்ட இதைவிட எளிய வழி குறைவு.

குறையும் அதே பிடிவாதத்திலிருந்து வருகிறது. கேட்ட பக்கம் இல்லை என்று வழங்கி 404 அனுப்பினாலும், கர்ல் இயல்பாக வெற்றிக்குரிய சுழியத்தையே திருப்பித் தரும். பிழைப்பக்கம் கோப்பாகச் சேமிக்கப்படும். தொடர்கட்டளை எதுவும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போகும். தரவு வந்து சேர்ந்ததால் பரிமாற்றம் வெற்றி என்பது கர்லின் தர்க்கம். தர்க்கம் சரிதான், ஆனால் நள்ளிரவில் தானாக ஓடும் நிரலுக்கு அது உதவாது. இதற்கான எஃப் தெரிவு வழங்கி அனுப்பிய விளக்கத்தையும் சேர்த்து எறிந்துவிடுகிறது. விளக்கத்தைக் காக்க 2021-இல் இன்னொரு தெரிவு சேர்க்கப்பட்டது. இயல்பை மாற்றாமல் தெரிவுகளைக் கூட்டிக்கொண்டே போனதில் அவை 250-ஐத் தாண்டிவிட்டன. சிறிய ஓவும் பெரிய ஓவும் வேறு வேறு வேலை செய்கின்றன. புதிதாகக் கற்பவர் திணறுவதில் வியப்பில்லை.

இதைவிடக் கனமான சுமை சி மொழி. 2020-இல் ஸ்டென்பெர்க் திருத்தி எழுதிய சாக்ஸ்5 பகுதியில், 255 பைட்டைவிட நீளமான வழங்கிப் பெயர் வந்தால் நினைவக எல்லை மீறும் பிழை நுழைந்தது. 1315 நாட்கள் யார் கண்ணிலும் படவில்லை. 2023 அக்டோபரில் திருத்தப்பட்டபோது, பிழை தன்னுடையது என்றும், நினைவகப் பாதுகாப்புள்ள மொழியில் இது நேர்ந்திருக்காது என்றும் அவரே விரிவாக எழுதினார். பாதுகாப்புச் சிக்கல்களைப் பூசி மெழுகும் துறையில் இந்த வெளிப்படைத்தன்மை அரிது. ஆயினும் கர்ல் இன்னமும் சி மொழியிலேயே இருக்கிறது. ரஸ்ட் மொழியில் அமைந்த ஹைப்பர் நூலகத்தை இணைக்க 2020-இல் தொடங்கிய முயற்சி 2024 இறுதியில் கைவிடப்பட்டது. பயனர்கள் அதைக் கேட்கவில்லை. மீதி வேலையை முடித்துத் தரவும் ஆள் வரவில்லை.