தள்ளினால்தான் ஓடும் வேன்

'லிட்டில் மிஸ் சன்ஷைன்' 2006 இல் வந்த அமெரிக்கப் படம். ஜோனதன் டெய்டன், வலெரி பாரிஸ் தம்பதியர் இயக்கியது. மைக்கல் ஆர்ன்டின் திரைக்கதைக்கும், பாட்டனாக நடித்த அலன் ஆர்கினுக்கும் ஒஸ்கார் கிடைத்தது. நகைச்சுவைப் படம் என்கிறார்கள். நானும் சிரித்தேன்தான். ஆனால் அந்தத் தகப்பன் வாய் திறக்கும்போதெல்லாம், எங்கட பாடசாலையில் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

தகப்பன் ரிச்சர்ட் வெற்றிக்கு ஒன்பது படிகள் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு உலகில் வெல்பவர், தோற்பவர் என்று இரண்டே வகை மனிசர். அவருடைய புத்தகத்தை வாங்கத்தான் ஆளில்லை. சின்ன மகள் ஒலிவுக்கு அழகுராணிப் போட்டியில் இடம் கிடைக்கிறது. விமானியாகும் கனவில் பேசாமலே இருக்கும் மகன் டுவெய்ன், தற்கொலைக்கு முயன்று பிழைத்த மாமா, ஹெரோயின் பாவிக்கும் பாட்டன், எல்லோரும் அல்புகேர்க்கியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பழைய மஞ்சள் பொக்ஸ்வாகன் வேனில் புறப்படுகிறார்கள். வழியில் கிளச் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு தடவையும் இறங்கித் தள்ளி, ஓடி ஓடித் தாவி ஏற வேண்டும்.

சாப்பாட்டுக் கடையில் ஒலிவ் ஐஸ்கிரீம் கேட்கிறாள். தகப்பன் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஐஸ்கிரீம் தின்றால் உடம்பு பருக்கும், அழகுராணிகள் மெலிவா குண்டா என்று கேள்வியாகக் கேட்டுவைக்கிறார். பிள்ளை கிண்ணத்தைத் தள்ளிவைக்கிறாள். இந்த மென்மையான கொடுமையை நானும் வகுப்பில் செய்திருக்கிறேன். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையிடம், "இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தா என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

போட்டிக்கு முந்தின இரவு, தோற்றுவிடுவேனோ என்று ஒலிவ் அழுகிறாள். தோற்பவன் என்றால் பயத்தில் முயற்சியே செய்யாதவன் என்று பாட்டன் தேற்றுகிறார். பலருக்கும் பிடித்த காட்சி இது. எனக்கு அது போதவில்லை. கிழவரும் மகனுடைய அதே தராசைத்தான் தூக்குகிறார். படிக்கல்லை மட்டும் மாற்றுகிறார். சரியான பதில் பிறகுதான் வருகிறது. தனக்கு நிறக்குருடு என்று அறிந்த டுவெய்ன் சரிவில் இறங்கிக் கதறுகிறான். தாயின் சமாதானம் எடுபடவில்லை. ஒலிவ் போய்ப் பக்கத்தில் குந்தி, அவன் தோளில் தலைசாய்க்கிறாள். ஒரு சொல்லும் இல்லை. அவன் எழும்பி வருகிறான்.

இரண்டு இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுதியில் பாட்டன் மௌத்தாகிறார். போட்டிக்கு நேரமாகிறதென்று ஆஸ்பத்திரி ஜன்னலால் மையித்தைக் கடத்துகிறார்கள். மையித்தை அடக்கத்தான் அவசரப்படுகிற எங்களுக்கு இந்த அவசரம் நெஞ்சை அடைக்கிறது. அதை வைத்துச் சிரிக்கவைக்கும் படம், துக்கத்துக்கு நேரமே தருவதில்லை. அடுத்தது, பாட்டன் பழக்கிய அந்த ஆட்டம். சிறுமிகளைப் பெரிய பெண்களாக அலங்கரிக்கும் போட்டியின் போலித்தனத்தைக் காட்டத்தான் அது. ஆனாலும் மேடையில் நிற்பது ஒரு பிள்ளை.

அவளை இறக்கச் சொல்லி அதட்டுகிறார்கள். மேடையேறிய ரிச்சர்ட் மகளை இறக்காமல் தானும் ஆடுகிறார். ஒன்பது படி சொன்ன மனிசன், ஆடத் தெரியாமல் ஆடுகிறார். ஒவ்வொருவராக மற்றவர்களும் ஏறுகிறார்கள். பரிசு இல்லை, கையில் காசும் இல்லை. வீட்டுக்குப் போக மறுபடியும் வேனைத் தள்ளுகிறார்கள்.