கூறியது கூறலும் சொல் மாற்றலும்

மடத்துக்குளத்தில் கோடை விடுமுறையில் தங்கியிருந்தபோது, முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைத் திருத்தும் பணி நமக்கு வாய்த்தது. ஒரே பக்கத்தில் ‘குறிப்பிடுகின்றார்’ என்னும் வினை பதினொரு முறை வந்திருந்தது. அதனைச் சுட்டி விடுத்தோம். திரும்பி வந்த ஏட்டில் அச்சொல் ஓரிடத்தும் இல்லை. ‘வலியுறுத்துகின்றார்’, ‘நிறுவுகின்றார்’, ‘மறுக்கின்றார்’ என்பன அவ்விடங்களை நிரப்பியிருந்தன. உரைகாரர் ஐயத்தோடு உரைத்த ஒன்றை ‘நிறுவுகின்றார்’ என எழுதுதல் சொல் மாற்றம் அன்று. அவர் கருத்தையே மாற்றுதலாம்.

கூறியது கூறலைத் தொல்காப்பியமும் நன்னூலும் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தன. அதனை ஒரு சொல் இருமுறை வாராமை வேண்டும் என்னும் விதியாகக் கொள்வார் உளர். அஃது அன்று, கூறிய பொருளே பயனின்றி மீளுதல்தான் குற்றம். சொல் மீளுதல் தன்னளவிற் பழுதாயின், தண்டியலங்காரம் சொற்பொருட் பின்வருநிலையை அணியென வகுத்திராது.

திவாகரமும் பிங்கலமும் ஒருபொருட் பலபெயரைத் தொகுத்து வைத்தன. தொகுப்பு வேறு, ஒப்புமை வேறு. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற்கண் வருவனவே. எனினும் முதலது இழிந்தோன் கூற்று, அடுத்தது ஒப்போன் கூற்று, இறுதியது உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியர் பிரித்தார். கலைச்சொல்லிலோ இக்கட்டுப்பாடு இன்னும் இறுகும். அதே ஏட்டில், ‘உள்ளுறை’ பலகால் வந்தது என்று எண்ணி, ஈரிடத்து ‘இறைச்சி’ எனப் பெய்திருந்தார். கருப்பொருள் வழியாக உவமை கொள்ளச் செய்வது உள்ளுறை. சொல்லவந்த பொருளின் புறத்தே தோன்றுவது இறைச்சி. படிப்போர் எதனைக் கொள்வர்? (இப்பகுதியில் பனியன் தொழில் செய்வோர் அறிவர்: வேறு வேறு லாட்டு நூலைக் கலந்து பின்னினால், சாயம் ஏற்றிய பின்னரே துணியிற் பட்டை தெரியும்.)

வினைகளை வேறுபடுத்தவே கூடாதோ எனின், வேறுபாடு பொருளில் உள்ளவிடத்து வேண்டும் என்போம். சொல்லதிகார உரையிற் சேனாவரையர் இளம்பூரணரோடு மாறுபடும் இடங்களில் ‘மறுத்தார்’ என்பதே தகும். அங்குக் ‘குறிப்பிட்டார்’ என்பது மெலிவு. சான்று காட்டாது சொன்னவரைக் ‘கருதினார்’ என்க. வேறுபாடு ஒன்றும் இல்லையாயின் ‘என்பர்’ எத்துணை முறை வரினும் நமக்கு வெறுப்பில்லை.

பதினொரு ‘குறிப்பிடுகின்றார்’ வந்தமைக்கு மூலம் சொல் வறுமை அன்று. பதினொரு தொடரிலும் பிறர் கருத்தே நிற்கின்றது. ஆய்வாளர் ஓரிடத்தும் தாம் பேசவில்லை. இதனை முதன்முறையே சொல்லாது சொல்லை மட்டும் சுட்டியது நம் பிழை. மூன்றாம் முறை வந்த ஏட்டில் ‘குறிப்பிடுகின்றார்’ நான்கிடத்து மீண்டிருந்தது. எஞ்சிய ஏழு தொடர்கள் நீங்கி, அவற்றின் இடத்தில் மாணவரின் வாதம் ஒன்று நின்றது. அவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. அதனை மறுத்து எழுதி அனுப்பியுள்ளோம்.