கண்ணீர் வடிக்கும் பூமிப்பந்து

ஆண்டுதோறும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் பள்ளி மாணவருக்கு ஓவியப் போட்டிகள் நடைபெறுகின்றன. நடுவராக அமரும் வாய்ப்பு நமக்கும் சிலமுறை கிட்டியதுண்டு. வரிசையாகத் தொங்கும் சார்ட் தாள்களைக் காணும்போது, ஒரே ஓவியத்தையே மீண்டும் மீண்டும் காண்பதாக உணர்கிறோம். கண்ணீர் வடிக்கும் பூமிப்பந்து. பாதி பசுமை, பாதி பாலை. செடியை ஏந்திய இரு கைகள். அடியில் 'மரம் வளர்ப்போம்' என்னும் முழக்கம். வரைந்தவை பிஞ்சு விரல்கள். பார்த்தவையோ பெரியவர்களின் கண்கள்.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. போட்டி நெருங்கியதும், சென்ற ஆண்டு பரிசு பெற்ற படமே வகுப்பில் மாதிரியாக வைக்கப்படுகிறது. கருத்துக்கு மதிப்பெண் உண்டு, தூய்மைக்கு உண்டு, வண்ணத்துக்கு உண்டு. உற்றுப் பார்த்ததற்கு மட்டும் இல்லை.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் இவ்வுயிர்கள் இழுவலையில் சிக்கினால், காற்றுக்காக மேலெழ இயலாமல் மூச்சுத்திணறி மடிகின்றன. அவ்வாண்டுப் போட்டி ஒன்றில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அடையாற்றுக் கழிமுகத்தை வரைந்திருந்தாள். சாம்பலும் பச்சையும் கலந்த நீர். அதைக் கடலோடு சேரவிடாமல் மறிக்கும் மணல்மேடு. மணலில் மல்லாந்து கிடக்கும் ஓர் ஆமை. அருகில் ஒரு காகம். முழக்கம் ஏதுமில்லை. "கருத்து எங்கே?" என்றார் உடனிருந்த நடுவர். நாமும் தலையசைத்தோம். பரிசு பூமிப்பந்துக்கே போயிற்று.

சில நாள் கழித்து, மாலை வேளையில் உடைந்த பாலத்தருகே நின்றோம். சாம்பலும் அன்று, பச்சையும் அன்று; அவள் குழைத்த அதே நிறத்தில் ஆறு தேங்கிக் கிடந்தது. அவள் பார்த்திருந்தாள், நாம் பார்க்கவில்லை.

பூமிப்பந்து நல்லெண்ணத்தை வளர்க்காதா எனச் சிலர் வினவலாம். வளர்க்கலாம். ஆனால், அக்கண்ணீர் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. பார்த்து இரங்கிவிட்டு வீடு திரும்பலாம். மணலில் கிடக்கும் ஆமையோ நம்மை விடாது. எவர் வலை? அவ்வலை கொணர்ந்த மீன் எவர் உணவு மேசைக்கு வந்தது? முழக்கம் முடித்து வைக்கும் இடத்தில் மெய்யான ஓவியம் தொடங்கி வைக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், அழகை நின்று நோக்கக் கற்பதையும் படைப்பைப் பேணுவதையும் இணைத்துப் பேசியது இதனாலன்றோ?

எனவே, போட்டிக்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வோம். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் படிகளில் அமரட்டும். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் பார்க்கட்டும். 1989-இல் தாய்மரம் சாய்ந்த பின்னும் விழுதுகள் தாங்கி நிற்பதை அவர்களே கண்டுகொள்ளட்டும். முழக்கம் எழுதத் தடை விதிப்போம். கண்டதை வரையட்டும்.

அச்சிறுமிக்கு நாம் பரிசு தரவில்லை. அவளோ நமக்கு ஓர் ஆற்றைத் தந்தாள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.