அடிமை எழுந்தால் அது திகிலா?

ஹெச்.பி. லவ்கிராஃப்டை (1890–1937) தூக்கி எறியவும் முடியவில்லை, கொண்டாடவும் மனசு வரவில்லை. 1931இல் எழுதி, 1936இல் ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரிஸ்’ இதழில் தொடராக வந்த ‘அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ அவருடைய அறிவியல் திகில் குறுநாவல். அண்டார்டிகாவுக்குப் போகும் ஆய்வுக் குழுவின் கதை. பாறை அடுக்கு, துளைக்கருவி, விமானம், நாய்கள், பனிக்காற்று என்று அவசரமே இல்லாமல் அடுக்கிக்கொண்டு போகிறார். ‘எப்பத்தான் பேய் வரும்?’ என்று கேட்கிறவர்களுக்கு இது ஆகாது. எனக்கு அந்த நிதானம் பிடிக்கிறது. பயம் இங்கே ஈரம் மாதிரி மெல்ல ஊறுகிறது.

ஆனால் அது யாருடைய பயம்?

மலைக்கு அப்பால் மூத்தோர் என்ற வேற்றுலக இனத்தின் பாழடைந்த நகரம். சுவர்ச் சிற்பங்களில் அவர்கள் வரலாறு. அவர்களுடைய கடலடி நகரங்களுக்குக் கல் தூக்கியவை ஷாகாத்துகள். உழைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட அடிமைகள். அவை கலகம் செய்கின்றன, ஒடுக்கப்படுகின்றன, கடைசியில் மிஞ்சி நிற்கின்றன. கதைசொல்லியோ செத்துக்கிடக்கும் எஜமானர்களைப் பார்த்து, இவர்களும் மனிதர்கள்தானே என்று உருகுகிறான். அடிமைக்குக் கிடைப்பது கொழகொழப்பும் நாற்றமும். சொந்தக் குரல்கூட இல்லை. எஜமானின் ஒலியையே திருப்பிச் சொல்லுமாம்.

ஆக, நுணுக்க விவரணை என்பது வெறும் அழகியல் சமாச்சாரம் அல்ல. கோபுரத்தின் உயரத்தை அளந்து எழுதுகிறவன் கல் சுமந்த தோளை எழுதமாட்டான். யாருக்கு விவரம், யாருக்கு நாற்றம் என்பதில் இருக்கிறது அரசியல்.

அதே 1936இல் வெளியான ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’ கதையில் திகிலே ரத்தக் கலப்புதான். தாராபுரத்தில் இருந்துகொண்டு இதை வெறும் கற்பனையாகப் படிக்க முடியாது. பக்கத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், சாதி கடந்து மணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது இந்தப் பயம்தான். இங்கே அரிவாளோடு வந்தது கலந்த ரத்தம் அல்ல, கலப்பைக் கண்டு நடுங்கிய சாதி.

அதற்காகப் படிக்காமல் விட்டுவிடலாமா? கூடாது. ஆதிக்கத்தின் பயத்தை இவ்வளவு விலாவாரியாக அதன் வாயாலேயே கேட்பது நமக்கு வேண்டும். கறுப்பின எழுத்தாளர் விக்டர் லாவல் 2016இல் ‘தி பேலட் ஆஃப் பிளாக் டாம்’ எழுதி, லவ்கிராஃப்டின் இனவெறிக் கதையொன்றைக் கறுப்பு இளைஞனின் பக்கமிருந்து திருப்பிப் போட்டார். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ எஜமானின் ஒலியை உதறிவிட்டுத் தன் மொழியில் பேசியது.

நம்மிடம் சாட்சியம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. அந்த நிதானத்தையும் எடுத்துக்கொள்வோம். கல் தூக்கிய ஷாகாத்தின் கதையை, ஒவ்வொரு கல்லாக, நாம்தான் எழுதவேண்டும்.